டெலவேர் வக்கீலின் அறிமுகப் பக்கத்தைப் படிப்பது எப்படி?

டிரஸ்ட், எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து), கார்ப்பரேட் வழக்கு மூன்றும் ஒரே வக்கீலின் பக்கத்தில் இருந்தால், எல்லாவற்றிலும் அரைகுறையோ என்று சந்தேகம் வரும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இது இயல்பான சேர்க்கை. 1792-இல் தொடங்கிய சான்சரி நீதிமன்றம் மூன்றையும் ஜூரி இல்லாமல் விசாரிக்கிறது. டிரஸ்டி, உயிலை நிறைவேற்றுபவர், கம்பெனி டைரக்டர் யாரானாலும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அடுத்தவர் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் லாபம் பார்த்தாரா? (இங்கே டிரஸ்ட் என்றால் தர்ம அறக்கட்டளை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் குடும்பச் சொத்து.)

1. முதலில் உரிமம். எந்தெந்த மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு என்று பாருங்கள். டெலவேர் இல்லையென்றால், அவர் உள்ளூர் வக்கீல் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, வழக்குக்கு வழக்கு அனுமதி வாங்கித்தான் ஆஜராக முடியும். செலவும் இரட்டிப்பாகலாம்.

2. அடுத்து 'லா கிளார்க்'. நம்மூர் வக்கீல் குமாஸ்தா இல்லை. சட்டப் படிப்பு முடித்தவர் நீதிபதியின் அறையில் ஆய்வு செய்து, தீர்ப்பு வரைவுக்கு உதவும் வேலை, பெரும்பாலும் ஓராண்டு. சான்சரியிலேயே இருந்தவர் என்றால் அந்த நீதிபதிகள் எப்படி யோசிப்பார்கள் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர்.

3. வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஏமாறுவது இங்கேதான். 'ஆலோசனை வழங்கினார்', 'டிரஸ்ட் ஆவணம் தயாரித்தார்' என்று மட்டும் இருந்தால் அவர் எழுதிக் கொடுப்பவர், வாதாடுபவர் என்பதற்கு ஆதாரம் இல்லை. நல்ல உயில் எழுதுபவர் குறுக்கு விசாரணையில் தடுமாறலாம். 'விசாரணை முடியும்வரை வாதாடினார்' என்று இருந்தால் வழக்கின் பெயரைக் கேளுங்கள். சான்சரி தீர்ப்புகள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். தொடக்கப் பக்கங்களிலேயே இரு தரப்பு வக்கீல்களின் பெயரும் இருக்கும். வழக்கு எண்ணில் ஆண்டு, நான்கு இலக்கம், பிறகு நீதிபதியின் முதலெழுத்துகள். கே.எஸ்.ஜே.எம் என்று முடிந்தால் 2021-இல் சான்சலரான (சான்சரியின் தலைமை நீதிபதி) கேத்தலீன் மெக்கார்மிக். தீர்ப்பில் பெயர் இல்லாததாலேயே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம்; சமரசமாகிப் போன வழக்குகள் ஏராளம்.

4. விருதுகள், நட்சத்திரங்கள். கடைசியில் பாருங்கள், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.

5. எதிர்த்தரப்பு டிரஸ்டி ஒரு வங்கியா? அதே அலுவலகம் அந்த வங்கிக்கும் வேலை பார்க்கிறதா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். பார்க்கிறது என்றால் உங்கள் வழக்கை அவரால் எடுக்க முடியாமல் போகலாம்.

இதையெல்லாம் ஓரிரு வாரத்தில் முடித்துவிடுங்கள். உயிலை ஏற்பது கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) உயில் பதிவாளர்; ஏற்றதிலிருந்து 6 மாதத்துக்குள் சான்சரியில் எதிர்க்க வேண்டும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றக்கூடியதாக இருந்த டிரஸ்டாக இருந்து, அவர் இறந்தபின் டிரஸ்டி முறைப்படி நோட்டீஸ் அனுப்பிவிட்டால், அதன் செல்லுபடியை எதிர்க்க 120 நாள்தான்.