பிரவுசர்ல இருக்கற பிளக்-இன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடலாமா? எதை தூக்கறது, எதை வெச்சுக்கறது

போன டிசம்பர்ல ஏற்காடு போயிருந்தேன். நாகலூர் பக்கம் எங்க பெரியப்பாவோட சின்ன தோட்டம், காப்பி பழம் பறிப்பு நடந்துட்டிருந்த நேரம், சாயங்காலம் ஆளுங்களுக்கு கூலி கணக்கு போட லேப்டாப்பை தொறந்துட்டு உக்காந்தவரு "ஏங்கண்ணு, ஒரு வாரமா கூகுள்ல எதை தேடுனாலும் வேற எங்கியோ போயி நிக்குது, மலையில நெட்டே இப்படித்தானா, இல்ல இதுல ஏதும் கோளாறா, பாரு"ன்னாரு. குரோம்ல மேல வலது பக்கம் ஜிக்சா துண்டு மாதிரி ஒரு ஐகான் இருக்கும்ல, அதை அமுத்துனா 11 எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோட ஒட்டிக்கிட்டு கூடுதல் வேலை பாக்கற குட்டி புரோகிராம், வரிசையா இறங்குது. அதுல அவருக்கு தெரிஞ்சது ரெண்டு. மீதி ஒம்பதும் எப்ப வந்துச்சு, யாரு போட்டாங்கன்னே தெரியல.

"அப்ப எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடு கண்ணு, பேங்க் வேலையெல்லாம் இதுலதான் பண்றேன்"னு பயந்துட்டாரு. இதே கேள்விய செவ்வாய்ப்பேட்டையில நான் கணக்கு பாக்கற கொலுசு பட்டறையிலயும் கேட்டாங்க, அதனால ஒரே இடத்துல முழுசா எழுதி வெச்சிடறேன், வேணுங்கறவங்க பாத்து பண்ணிக்கங்க.

மொதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துக்கலாம். நாம எல்லாத்தையும் பிளக்-இன்னுதான் சொல்றோம், ஆனா அது ரெண்டு ஜாதி. பழைய பிளக்-இன்ங்கறது ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் இதெல்லாம், கம்ப்யூட்டர்ல தனி புரோகிராமா உக்காந்துக்கிட்டு பிரவுசருக்குள்ள வந்து வேலை பாக்கறது. இப்ப குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ்ல நாம போடறதுக்கு பேரு எக்ஸ்டென்ஷன், பயர்பாக்ஸ்காரங்க ஆட்-ஆன்ம்பாங்க.

பழசை பத்தி ரொம்ப பேச வேண்டியதில்ல, இருந்தா எடுத்துடுங்க, அவ்வளவுதான். ஃபிளாஷை அடோபியே 2020 டிசம்பர் 31ஓட நிறுத்திடுச்சு, 2021 ஜனவரி 12ல இருந்து அது ஓடாமயே பண்ணிட்டாங்க. அதனால இன்னைக்கு எந்த பக்கமாவது "உங்க ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் பண்ணுங்க"ன்னு கேட்டா அது நூத்துக்கு நூறு ஏமாத்து, அமுத்தவே அமுத்தாதீங்க. ஜாவா பிளக்-இன் கதை இன்னும் மோசம், 2012ல அதுல இருந்த ஒரு ஓட்டை வழியா ஃபிளாஷ்பேக்னு ஒரு மால்வேர் (கெடுதல் பண்றதுக்குன்னே எழுதுன புரோகிராம்) சுமார் 6 லட்சம் மேக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்துச்சு, 2013 ஜனவரியில அமெரிக்க அரசாங்கமே பிரவுசர்ல ஜாவாவை ஆஃப் பண்ணி வைங்கன்னு ஜனங்களுக்கு சொல்ற நிலைமை வந்துச்சு. குரோம் 2015லயும் பயர்பாக்ஸ் 2017லயும் ஜாவா பிளக்-இன்னை கைவிட்டுட்டாங்க. சில்வர்லைட் 2021 அக்டோபரோட சரி. ஆனா பிரவுசர் கைவிட்டாலும் கம்ப்யூட்டர்ல அந்த பழைய புரோகிராம் அப்படியே கெடக்கும், விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்டை தொறந்து பாத்து அன்இன்ஸ்டால் பண்ணுங்க. ஜாவாவை மட்டும் எடுக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஏதாவது சாஃப்ட்வேர் அதை நம்பி ஓடுதான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் சிலதுக்கு இன்னும் வேணும்.

பட்டறையில இதே சிக்கல்தான். ஒரு பழைய வெப்சைட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்லதான் தொறக்கும், அதுக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை அப்டேட் பண்ணாம பல வருஷமா காப்பாத்திட்டு இருந்தாங்க, அதே கம்ப்யூட்டர்லதான் பேங்க்கும். அப்படி பண்ணாதீங்க. எட்ஜ்லயே ஐஈ மோடுன்னு ஒண்ணு இருக்கு, பழைய எக்ஸ்ப்ளோரர் மாதிரியே பக்கத்தை தொறக்கறது, செட்டிங்ஸ்ல டிஃபால்ட் பிரவுசர்ங்கற இடத்துல அதை ஆன் பண்ணிட்டு அந்த ஒரு வெப்சைட்டை மட்டும் அதுல தொறக்கலாம், 30 நாளைக்கு ஒருக்கா திரும்ப சேர்க்க வேண்டி வரும், அந்த சிரமத்தை பொறுத்துக்கலாம். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் போடறவங்களுக்கு எம்சைனர்னு தனி புரோகிராமே இருக்கு, அதுக்கு ஜாவா பிளக்-இன் தேவையில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், எக்ஸ்டென்ஷன். பெரியப்பா லிஸ்ட்ல பிடிஎஃப்பை வேர்டா மாத்தற ஒண்ணு இருந்துச்சு. எப்பவோ ஒரே ஒரு பாரத்தை மாத்தறதுக்காக போட்டுட்டு மறந்தே போயிருக்காரு. அதோட டீடெய்ல்ஸை தொறந்து காட்டுனேன், பர்மிஷன்னு இருக்கற இடத்துல எல்லா வெப்சைட்லயும் இருக்கற உங்க டேட்டாவை படிக்கவும் மாத்தவும் செய்யும்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. ஒரு பாரத்தை மாத்தறதுக்கு வந்தது, அவரு பேங்க் பக்கம் தொறந்தா அதையும் பாக்கும், மெயில் தொறந்தா அதையும் பாக்கும். "பேங்க் பக்கத்துல பூட்டு படம் இருக்கே கண்ணு, அதையும் மீறியா?"ன்னு கேட்டாரு, நியாயமான கேள்விதான். அந்த பூட்டு பேங்க்ல இருந்து நம்ம பிரவுசர் வரைக்கும் வர்ற வழிக்குத்தான் காவல். எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்கு உள்ளயே உக்காந்திருக்கு, கடுதாசி பத்திரமா வந்து சேந்து நாம பிரிச்சு படிக்கறப்ப தோளுக்கு பின்னாடி ஒருத்தன் நின்னு படிக்கற மாதிரி, அவன் நெனச்சா எழுத்தையும் மாத்தி காட்டலாம்.

நல்ல எக்ஸ்டென்ஷன் கெட்ட எக்ஸ்டென்ஷன்னு பிரிச்சு பாக்கறதுல நான் நம்பிக்கை வைக்கறதில்ல, ஏன்னா நேத்து நல்லா இருந்தது இன்னைக்கு கை மாறிடுது. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒண்ணு இருந்துச்சு, நெறைய டேப் தொறந்து வெச்சிருக்கறவங்களுக்கு ரொம்ப உதவியானது, 20 லட்சத்துக்கு மேல ஆளுங்க போட்டிருந்தாங்க. எழுதுனவரு 2020ல அதை வேற யாருக்கோ வித்துட்டாரு, 2021 பிப்ரவரியில கூகுளே அதுல மால்வேர் இருக்குன்னு எல்லாரோட குரோம்லயும் ஆஃப் பண்ணிடுச்சு. விக்கவே வேணாம், 2024 கிறிஸ்துமஸ் சமயத்துல சைபர்ஹேவன்ங்கற செக்யூரிட்டி கம்பெனியில வேலை பாக்கற ஒருத்தருக்கு திருட்டு கும்பல் ஒண்ணு குரோம் ஸ்டோர்ல இருந்து வந்த மாதிரியே ஒரு போலி மெயில் அனுப்பி, அது வழியா உள்ள வந்து, அவங்க எக்ஸ்டென்ஷனோட பேர்லயே விஷத்தை அப்டேட்டா அனுப்பிட்டாங்க. போட்டு வெச்சிருந்தவங்க எந்த தப்பும் பண்ணல, அப்டேட் தானா இறங்குச்சு. ஒரு எக்ஸ்டென்ஷன் புதுசா கூடுதல் பர்மிஷன் கேட்டா குரோம் அதை நிறுத்தி வெச்சு உங்கள கேக்கும், அது நல்ல ஏற்பாடு, ஆனா மொத நாளே எல்லா வெப்சைட்டுக்கும் பர்மிஷன் வாங்குனது பெருசா புதுசா எதையும் கேக்க வேண்டியதே இல்லைங்கறதை யோசிச்சு பாருங்க.

அதனால பெரியப்பா கிட்ட ஒவ்வொண்ணா காட்டி ஒரே கேள்விதான் கேட்டேன், இந்த மாசம் இதை தொட்டீங்களா. இல்லன்னா ரிமூவ். ஆஃப் பண்ணி வைக்கறது கூட வேணாம், ஆஃப் பண்ணி வெச்சதை வீட்ல யாராவது திரும்ப ஆன் பண்ணிடுவாங்க. குரோம்ல மூணு புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். எட்ஜ்லயும் கிட்டத்தட்ட அதேதான். பயர்பாக்ஸ்ல மூணு கோடு, ஆட்-ஆன்ஸ் அண்ட் தீம்ஸ் இல்லன்னா எக்ஸ்டென்ஷன்ஸ் அண்ட் தீம்ஸ்னு இருக்கும், அங்க பிளக்-இன்ஸ்னு தனியா ஒரு பக்கம் இருக்கும், அதுல ஓபன் ஹெச்264, வைட்வைன்னு ரெண்டு தெரியும், பயப்படாதீங்க, அது பயர்பாக்ஸே கொண்டு வர்றது, வீடியோ காலுக்கும் காசு கட்டி பாக்கற படத்துக்கும் தேவை, விட்டுடுங்க. பிடிஎஃப் பாக்கறதுக்குன்னு எதுவும் போட வேணாம், எல்லா பிரவுசரும் தானாவே தொறக்கும்.

நம்ம ஊர்க்காரங்க கண்டிப்பா பாக்க வேண்டியது தமிழ் டைப் பண்ற எக்ஸ்டென்ஷன். நாம அடிக்கற ஒவ்வொரு எழுத்தும் அது வழியாத்தான் போகுது, பர்மிஷன் இல்லாம அது வேலையே செய்ய முடியாது. விண்டோஸ் 10லயே தமிழ் 99 கீபோர்டும் உச்சரிப்பு முறையில அடிக்கற கீபோர்டும் இருக்கு, செட்டிங்ஸ்ல லாங்குவேஜ்ல தமிழை சேர்த்தா போதும், எதுக்கு வெளியாளுக்கு வேலை.

சரி, வெச்சுக்க வேண்டியது எதுவுமே இல்லையான்னா, இருக்கு, எல்லாத்தையும் தூக்குனா அதுவும் தப்பு. பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது பாஸ்வேர்டை எல்லாம் பூட்டி வெச்சு தேவையான எடத்துல தானா போடற புரோகிராம், வெச்சிருக்கறவங்க அதோட எக்ஸ்டென்ஷனை வெச்சுக்கங்க, பேங்க் மாதிரியே இருக்கற போலி பக்கத்துக்கு போனா நம்ம கண்ணு ஏமாந்துடும், அது அட்ரஸை பாத்து பாஸ்வேர்டை போட மாட்டேங்கும், அந்த ஒரு காரியத்துக்கே அது இருக்கலாம். விளம்பரம் தடுக்கறதும் ஒண்ணு இருக்கட்டும், போலி டவுன்லோட் பட்டன் நெறைய விளம்பரமாத்தான் வருது. பயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின் இன்னும் நல்லா ஓடுது, குரோம்ல இப்ப லைட் வெர்ஷன்தான், ஆனா அதே பேரை ஒட்டி போலிங்க நெறைய இருக்கும், எழுதுனவரு பேரை பாத்து போடுங்க.

வெச்சுக்கறதுக்கும் கயிறு கட்டணும். குரோம்ல அந்த எக்ஸ்டென்ஷனோட டீடெய்ல்ஸ்ல சைட் ஆக்சஸ்னு இருக்கும், எல்லா சைட்டும்னு இருக்கறதை கிளிக் பண்றப்ப மட்டும்னு இல்லன்னா குறிப்பிட்ட சைட்டுன்னு மாத்திடலாம். அதை விட சுலபமான வழி ஒண்ணு, இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்றேன், பேங்க் வேலைக்குன்னு குரோம்ல தனியா ஒரு புரொஃபைல் (ஒரே குரோமுக்குள்ள தனி ஆளுக்கு தனி அறை மாதிரி) போட்டு வேற கலர் கொடுத்து, அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் கூட போடாதீங்க. அவசரத்துக்கு இன்காக்னிட்டோங்கற, மூணு புள்ளி மெனுவுல இருக்கற தனி விண்டோ கூட ஆகும், நீங்களா அனுமதி கொடுக்காத வரைக்கும் குரோம்ல எக்ஸ்டென்ஷன் எதுவும் அதுக்குள்ள ஓடாது. கூகுள் தேடல் வேற எங்கியோ போகுதுன்னா அதை கண்டுபிடிக்கவும் இதே வழிதான், இன்காக்னிட்டோவுல சரியா வந்தா குத்தம் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் மேலதான், மலை நெட்டு மேல இல்ல. பெரியப்பா வீட்ல அப்படித்தான் தெரிஞ்சுச்சு.

ஒம்பதையும் எடுத்துட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேந்தேன், மறுநாளே போன், "கண்ணு, அந்த பிடிஎஃப் காரன் மறுபடி வந்துட்டான்." காரணம், அண்ணன் அம்மாபேட்டை வீட்ல இருக்கற கம்ப்யூட்டர்லயும் பெரியப்பாவோட அதே கூகுள் அக்கவுண்ட்ல சிங்க் போட்டு வெச்சிருக்கான். இதை நான் அங்கயே கேட்டிருக்கணும். சிங்க் ஆன்ல இருந்தா எக்ஸ்டென்ஷனும் கூடவே பயணம் பண்ணும், ஒரு இடத்துல எடுத்ததை இன்னொரு இடம் திரும்ப கொண்டாந்து விடலாம். அதனால அக்கவுண்ட் போட்டிருக்கற எல்லா கம்ப்யூட்டர்லயும் பாருங்க. ரிமூவ் பட்டனே வராம, மெனுவுல உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு காட்டுனா, அது வீட்டு கம்ப்யூட்டரா இருந்தா மால்வேர் விண்டோஸுக்குள்ளயே பாலிசி, அதாவது பிரவுசரை கட்டுப்படுத்தற கட்டளை, எழுதியிருக்க வாய்ப்பிருக்கு, அதை விஷயம் தெரிஞ்சவங்க கிட்ட கொடுத்து சுத்தம் பண்ணுங்க, அது வரைக்கும் அதுல பேங்க் தொறக்காதீங்க.

எக்ஸ்டென்ஷனை எடுத்ததோட வேலை முடியல, நெறைய பேரு இங்கதான் விடறாங்க. அது இருந்தப்பவே லாகின் குக்கியை (நீங்க உள்ள வந்தாச்சுன்னு பிரவுசர் வெச்சிருக்கற அடையாள சீட்டு) எடுத்திருந்தா பாஸ்வேர்டு இல்லாமயே உங்க மெயிலுக்குள்ள வர முடியும். அதனால மொதல்ல வேற சுத்தமான போன்ல இருந்து கூகுள் அக்கவுண்டோட செக்யூரிட்டி பக்கத்துக்கு போயி, டிவைஸ் லிஸ்ட்ல தெரியாதது எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க, அப்பறம் மெயில் பாஸ்வேர்டு, அதுக்கப்பறம் பேங்க் பாஸ்வேர்டு, இந்த வரிசையிலேயே மாத்துங்க, ஏன்னா மெயிலுக்குள்ள வந்தவன் மத்த அக்கவுண்ட் பாஸ்வேர்டையும் அது வழியா ரீசெட் பண்ண பாக்கலாம். காசு ஏதாவது போயிருந்தா இதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல சைபர் மோசடி புகார் நம்பரான 1930க்கு போன் போடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு அந்த பணத்தை வழியிலயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பெரியப்பாவுக்கு காசு எதுவும் போகல. இப்ப அவரு லேப்டாப்ல ரெண்டு எக்ஸ்டென்ஷன், பச்சை கலர்ல பேங்க்குக்குன்னு ஒரு புரொஃபைல். அண்ணனுக்கு தனி அக்கவுண்ட் போட்டு கொடுத்தாச்சு.