படம் வரைவதற்கு முன் மட்டம் எடுங்கள்: மாநகரத் தெரு மேம்பாட்டின் பொறியியல் வடிவமைப்பை நடத்திச் செல்லும் முறை

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதைகளோடு திறக்கப்பட்ட பிறகு, ‘அதைப் போல ஒரு தெரு’ எங்கள் ஊருக்கும் வேண்டும் என்ற கோரிக்கை பல நகரங்களில் எழுந்துள்ளது. அத்தகைய பணி மாநகராட்சிப் பொறியாளரின் மேசைக்கு வந்ததும் ஆலோசனை நிறுவனத்தை அழைத்து முதலில் படம் கேட்பதே வழக்கமாக இருக்கிறது. படமும் விரைவில் வந்துவிடும்; அதில் மரங்கள் தழைத்திருக்கும், நடைபாதையில் ஒரு இருசக்கர வாகனம்கூட நிறுத்தப்பட்டிருக்காது. ஆனால் தெருவின் மட்டங்களும், அதாவது ஒவ்வொரு இடமும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும், மண்ணுக்கடியில் இருப்பவையும் தெரியாமல் அந்தப் படத்துக்கு ஒப்புதல் கொடுத்தால், வேலை தொடங்கியபின் ஒவ்வொரு நூறு மீட்டரிலும் வடிவமைப்பை மாற்ற நேரிடும். ஆகவே வடிவமைப்புக்கு ஒதுக்கிய காலத்தில் கணிசமான பகுதியை அளவைக்கே கொடுத்துவிடுங்கள்.

அளவை என்பது தெருவின் அகலத்தை நாடா பிடித்து அளப்பதோடு முடிவதில்லை. தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி கொண்டு 10 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு (தெருவின் அகலவாக்கு அளவு) எடுப்பதுடன், ஒவ்வொரு வீட்டு வாசலின் மட்டம், கடைப் படிகள், மேன்ஹோல் மூடியின் மட்டம், அதன் அடிமட்டம், மரங்களின் சுற்றளவு, மின்வாரியத்தின் பில்லர் பெட்டிகள் (தெருவோர மின்பகிர்வுப் பெட்டிகள்), மின்மாற்றிகள் ஆகிய அனைத்தும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள எல்லையை அதன்மேல் பொருத்திப் பார்த்தால் ஆக்கிரமிப்பு எங்கே என்பது தெரிந்துவிடும். அதை அகற்ற முடியுமா என்ற கேள்விக்கு எழுத்துப்பூர்வமான விடை வரும்வரை, இருக்கும் அகலத்தையே வடிவமைப்புக்குக் கணக்கில் கொள்வது பாதுகாப்பானது.

மண்ணுக்கடியில் உள்ளவற்றைப் பொறுத்தவரை, துறைகள் தரும் பழைய வரைபடங்களைத் தொடக்கக் குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். தரையை ஊடுருவும் ரேடார் உதவும். ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் அலைகள் அதிக ஆழம் செல்வதில்லை. எனவே சோதனைக் குழிகளுக்கு மாற்று இல்லை. தெருவின் குறுக்கே, சுவரிலிருந்து சுவர்வரை, சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கையால் தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால், குடிநீர்க் குழாயை ஒட்டியே கழிவுநீர் இணைப்பு செல்வதும், மின்கம்பி மேலே செங்கல் மூடாமல் கிடப்பதும், எந்தத் துறையும் தனது என்று சொல்லாத பழைய இரும்புக் குழாய் ஒன்று நடுவில் படுத்திருப்பதும் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருந்து உள்ள தூரத்தையும் ஆழத்தையும் எழுதி, அளவுகோலுடன் புகைப்படம் எடுத்துவிட்டு, அன்றே பள்ளத்தை மூடச் செய்யுங்கள்.

அடுத்து மட்டம். நம் ஊர்களில் பழைய சாலையின் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதால் வீடுகள் பள்ளத்துக்குள் போயிருக்கின்றன. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலர் 2021-இல் அறிவுறுத்த வேண்டிவந்ததும் அதனால்தான். சாலையின் நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கணக்கிடாமல், வீட்டு வாசலிலிருந்து உள்நோக்கிக் கணக்கிடுங்கள். வாசலுக்கும் சாலை ஓரத்துக்கும் இடையில் 3.5 மீட்டர் நடைபாதைப் பரப்பு இருந்து, அது 50-க்கு 1 என்ற சரிவில் சாலையை நோக்கி இறங்கினால், 70 மி.மீ. தாழ்கிறது. நடைபாதை விளிம்புக்கல்லின் உயரம் 150 மி.மீ.; எனவே சாலையின் ஓரம் வாசலைவிட 220 மி.மீ. கீழே அமைகிறது. அங்கிருந்து 3 மீட்டர் வாகனத் தடம் 2.5 விழுக்காடு சரிவில் உயர்ந்தால் 75 மி.மீ. கிடைக்கும். ஆக, சாலையின் நடுப்பகுதி வாசலைவிட 145 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். தெருவிலேயே தாழ்ந்த வாசலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு சுரண்ட வேண்டும், எந்தெந்த மேன்ஹோல்களின் கழுத்தை (மூடியைத் தாங்கும் மேற்பகுதியை) இறக்க வேண்டும் என்பதெல்லாம் தாமே வெளிப்படும்.

மழைநீர் வடிகாலைத் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி வடிவமைக்க வேண்டும். 500-க்கு 1 என்ற சரிவில் 300 மீட்டர் ஓடும் வடிகாலின் கடைசி முனை தொடக்கத்தைவிட 600 மி.மீ. ஆழமாகிவிடுகிறது. அது சேரும் கால்வாயின் வெள்ளமட்டம் அந்த முனையைவிட உயரமாக இருந்தால், எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் தண்ணீர் எதிர்த்தே வரும். கால்வாயின் மழைக்கால மட்டத்தை அங்குள்ள பாலத்துச் சுவரின் நீர்க்கறையைக் கொண்டும், அருகில் நெடுநாள் குடியிருப்போரைக் கேட்டும் சரிபார்த்துக் கொள்ளலாம்.

இவை முடிந்த பிறகுதான் குறுக்குவெட்டு. 15 மீட்டர் அகலமுள்ள கடைத்தெருவை எடுத்துக்கொண்டால், தலா 3 மீட்டரில் இரண்டு தடங்கள், இரு பக்கமும் 2.5 மீட்டர் நடைபாதை, மரமும் விளக்குக் கம்பமும் பில்லர் பெட்டியும் நிற்கப் பக்கத்துக்கு 1 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் நிறுத்துமிடம் என்று பிரிக்கலாம். தெரு 13 மீட்டராகக் குறுகும் இடத்தில் நிறுத்துமிடத்தை விட்டுவிடுங்கள். நடைபாதையைக் குறைக்க வேண்டாம். தடையற்ற நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 103 விதி. வீடுகளின் வாகன நுழைவிடத்தில் நடைபாதை இறங்கி ஏறக் கூடாது. வாகனம் ஏறுவதற்கான சரிவை அந்த 1 மீட்டர் பட்டைக்குள் முடித்துவிட வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் சக்கர நாற்காலிக்காக 12-க்கு 1 சரிவில், அதாவது 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளத்தில், இறக்கம் தேவைப்படும்.

ஆலோசனை நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் கட்டணத்தைப் படங்களின் எண்ணிக்கையோடு இணைக்காமல், அளவை, சோதனைக் குழி அறிக்கை, மட்ட வரைபடம், துறைகளின் ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி ஆவணம் என்ற கட்டங்களோடு இணையுங்கள். ஒரு பகுதியைக் கட்டுமானம் முடியும்வரை நிறுத்திவைப்பதும் நல்லது. குடிநீர் வாரியம், மின்வாரியம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், போக்குவரத்துக் காவல் ஆகியோருடன் கூட்டம் நடத்தினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் எந்தப் பயனும் இல்லை. எந்தக் குழாய், எந்தத் தேதிக்குள், யார் செலவில் மாற்றப்படும் என்பதை வரைபடத்தின் மீதே எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். அதன்பின் வரும் எந்த மாற்றமும் ஒரே பதிவேட்டில், ஒரே பொறியாளரின் கையெழுத்தோடு, அதன் செலவு விளைவும் குறிக்கப்பட்டே ஏற்கப்பட வேண்டும்.

தெருவோர வியாபாரிகளைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பு திறப்பு விழாவுக்கு மறுநாளே குலைந்துவிடும். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவின் கணக்கெடுப்பை முன்பே பெற்று, அவர்களுக்கான இடத்தைக் குறுக்குவெட்டிலேயே ஒதுக்குங்கள். நிறுத்துமிடம் போய்விடும் என்று கடைக்காரர்கள் அஞ்சினால், விவாதம் செய்வதைவிடத் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சில நாட்கள் நடத்திக் காட்டுவதே பலன் தரும்.

பணி நாட்காட்டியை வடகிழக்குப் பருவமழையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அக்டோபருக்குள் வடிகால் கடைசி இடத்தோடு இணைந்திருக்க வேண்டுமானால், ஒப்பந்தப்புள்ளி முந்தைய மழைக்காலம் முடிவதற்குள் தயாராக இருப்பது அவசியம். கட்டும்போது புதைக்கும் ஒவ்வொரு குழாயையும் மண் மூடுவதற்கு முன் சுவரிலிருந்து அளந்து பதியச் செய்யுங்கள். அந்த நிறைவு வரைபடம் கைக்கு வராமல் ஒப்பந்ததாரரின் இறுதிக் கட்டணப் பட்டியலுக்குப் பரிந்துரை செய்ய வேண்டாம்.