பேரப்பிள்ளை கை ஒடிந்தால்: பதற்றத்தில் நடக்கும் தவறுகள்

கோடை விடுமுறை விட்டதும் பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கொய்யா மரம், மொட்டைமாடிப் படி, மாமாவின் பெரிய சைக்கிள் என்று விழுவதற்கு அங்கே வழி நிறைய. சிராய்ப்பு என்றால் சோப்பும் தண்ணீரும் போதும். கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினால்தான் கவனம் தேவை. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு ஒடிவது மிகவும் சகஜம். முறையாகப் பார்த்தால் அது நன்றாகவே கூடிவிடும். அதைச் சிக்கலாக்குவது பல நேரம் நாம் அவசரத்தில் செய்யும் காரியங்கள்தான்.

முதல் தவறு, "விரலை ஆட்டு பார்ப்போம்" என்று சொல்லி, விரல் அசைந்ததும் நிம்மதி அடைவது. எலும்பு ஒடிந்திருந்தாலும் விரல் அசையும். அடுத்தது, சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவுவது, கையைப் பிடித்து இழுத்து நேராக்கப் பார்ப்பது. ஒடிந்த எலும்பின் முனை கூர்மையானது. முழங்கையின் முன்பக்கமாகத்தான் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும் முக்கியமான நரம்பும் போகின்றன. இழுக்கிற இழுப்பில் அவை கிழிபடலாம். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விட்டு, மடித்த செய்தித்தாளை அணைகொடுத்து, ஒரு துண்டால் தளர்வாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

கிளம்பும் முன் கையில் இருக்கும் வெள்ளிக் காப்பு, வளையல், மோதிரம், கோயிலில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாமிக் கயிற்றை வெட்டப் பாட்டிக்கு மனம் வராது. ஆனால் வீக்கம் ஏறியபின் அது சதைக்குள் பதிந்துவிடும். இன்னொன்று, அழுகையை அடக்க பாலோ பிஸ்கட்டோ கொடுப்பது. மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால், பாலோ சாப்பாடோ வயிற்றில் போய் 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு டம்ளர் பாலால் சிகிச்சை தள்ளிப்போகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவது. "எனக்கும் சின்ன வயசுல கட்டுப் போட்டுத்தான் சரியாச்சு" என்று தாத்தா சொல்வது பொய்யாக இருக்காது. முன்கையில் லேசான விரிசல் என்றால் அசையாமல் வைத்தாலே கூடிவிடும். முழங்கை அப்படியில்லை. உள்ளே வீக்கம் ஏற ஏற, வெளியே கட்டு விட்டுக்கொடுக்காவிட்டால், நடுவில் மாட்டிய தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை செத்து, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் இதை 1881லேயே விவரமாக எழுதிவிட்டார். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த ஊனம் வந்தபின் முழுசாகச் சரிசெய்வது கடினம்.

மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. முதல் இரண்டு நாள் கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போவது, விரலை மெதுவாக நிமிர்த்தினாலே பிள்ளை அலறுவது, விரல் மரத்துப்போவது, வெளுத்துச் சில்லிடுவது என எது தெரிந்தாலும், நடுராத்திரி ஆனாலும் உடனே ஓடுங்கள். "புதுக் கட்டு, அப்படித்தான் இருக்கும்" என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பெற்றோருக்குப் பயந்து விஷயத்தை மறைக்கவும் கூடாது. எப்போது விழுந்தான், யார் என்ன செய்தார்கள் என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஊரிலிருந்து ஓடிவரும் அப்பா அம்மாவும் பெரியவர்களைக் கடிந்துகொள்ளாமல் இருந்தால்தான் அந்த உண்மை வெளியே வரும்.

அப்புறம் அரிப்பு. கட்டுக்குள் பென்சிலோ ஊசியோ விட்டுச் சொறிந்தால் புண்ணாகும். பவுடர் கொட்டுவதும் வேண்டாம். ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் எலும்பு கூடுவதற்கு அதில் தனி மருந்து எதுவும் இல்லை. முட்டை, பால், பருப்பு, கேழ்வரகு என வழக்கமான நல்ல சாப்பாடு போதும்.

கட்டைப் பெரும்பாலும் 3 அல்லது 4 வாரத்தில் பிரிப்பார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, முழங்கை விறைத்து இருக்கும். அதைப் பார்த்ததும் பாட்டி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்காருவார். தோலில் லேசாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும். முழங்கையை அழுத்தி உருவினாலும், கட்டாயப்படுத்தி மடக்கி நீட்டினாலும் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு இறுகிவிடலாம். பிள்ளை தானாகச் சாப்பிட, குளிக்க, விளையாட விட்டாலே விறைப்பு மெல்ல விடும். சில மாதம்கூட ஆகலாம். நாளுக்கு நாள் விறைப்பு கூடிக்கொண்டே போனாலோ, முழங்கை ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்தாலோ மட்டும் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.