டம்மி டக் முடிந்து மீண்டும் உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாவது வாரம். தையல் காய்ந்துவிட்டது. உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயை எடுத்துவிட்டார்கள். வலி மாத்திரை இல்லாமலே தூக்கம் வருகிறது. கண்ணாடியில் தட்டையான வயிறு தெரிகிறது. டம்மி டக், அதாவது வயிற்றில் மிஞ்சிய தோலையும் கொழுப்பையும் நீக்கித் தட்டையாக்கும் அறுவை, செய்துகொண்டவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம் இதுதான். வெளியே ஆறியது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே ஆறாதது தெரிவதில்லை.

உள்ளே என்ன நடந்திருக்கிறது? வயிற்றின் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்துத் தூக்கியிருக்கிறார்கள். கர்ப்பத்தாலோ, எடை கூடிக் குறைந்ததாலோ நடுவில் விலகிப்போன இரண்டு நேர்த்தசைகளையும் நெஞ்சுக்குழியில் தொடங்கி அடிவயிறு வரை இழுத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இந்தத் தசைத் தையல் போடுவதில்லை, ஆனால் முழு டம்மி டக்கில் பெரும்பாலும் உண்டு. பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி, இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தைத்திருக்கிறார்கள். எந்தக் காயமும் மூன்று வாரத்தில் தன் பழைய பலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டியிருக்கும். சுமார் 80 சதவீதத்தை எட்ட மூன்று மாதம் போல ஆகும். தசையைப் போர்த்தியிருக்கும் உறையும் மெதுவாகத்தான் கூடும். அதுவரை உங்கள் நடுவயிற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு அந்தத் தையல் நூலுக்குத்தான்.

வலியில்லையே என்று தொடங்குவது

"வலிக்கவில்லை, அதனால் செய்யலாம்" என்ற கணக்கு இந்த அறுவையில் செல்லாது. தோலைப் பிரிக்கும்போது சிறு நரம்புகள் அறுபடுகின்றன. தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் மரத்துப்போயிருக்கும். சிலருக்கு ஒரு பகுதி முழுதாக உணர்வு திரும்பாமலே போகலாம். மரத்த இடம் எச்சரிக்கை தராது. இதே காரணத்தால்தான் அங்கே வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது என்கிறார்கள். தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போவது இதைவிட மோசம், மிச்சமிருக்கும் எச்சரிக்கையையும் அது அடக்கிவிடும்.

படுத்தே கிடப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. உயிருக்கே ஆபத்தாகக்கூடியதும் இதுதான். அழகுக்கான அறுவைகளில் காலில் ரத்தம் உறைவதற்கான வாய்ப்பு டம்மி டக்கில் கூடுதல். அந்த உறைவு நுரையீரலுக்குப் போனால் விபரீதம். அதனால்தான் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். முதல் வாரத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது, நடக்கவும் வேண்டாம். முன்னால் சற்றே குனிந்தபடி, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், ஒரு நாளில் பல தடவை நடந்தால் போதும். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வலித்தாலோ வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காலை வரை பொறுத்துப் பார்க்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

ஜிம்மை மட்டுமே உடற்பயிற்சியாக நினைப்பது

ஆறு வாரம் டம்பெல் தொடாமல் இருந்தவர், அழுகிற குழந்தையை இரண்டாவது வாரத்திலேயே இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறார். தையலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆறு வாரம் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது பரவலான அறிவுரை. இரண்டு வயதுக் குழந்தை அதற்கு இரு மடங்குக்கு மேல் இருக்கும். நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், குழந்தை தானாக ஏறி வந்து அணைத்துக்கொள்ளட்டும். தாய்மார்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பது புரிகிறது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத விதி இது. வீட்டில் யார் தூக்குவது என்பதை அறுவைக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

படுக்கையிலிருந்து நேராக எழுவதும் ஒரு சிட்-அப்தான். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமும்போது வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் அப்படியே நடுத்தையலில் போய் இறங்கும். வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கும் என்பதால் மலமிளக்கி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கிரஞ்சில் தொடங்குவது

வயிற்றுக்கு அறுவை செய்தோம், வயிற்றுக்குத்தான் முதலில் பயிற்சி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வரிசையில் வயிறுதான் கடைசி. பொதுவாக நான்காவது வாரம் வரை நடைதான், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். அதன்பின், சர்ஜன் சம்மதித்தால், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் போன்ற இதமான பயிற்சி. ஓட்டம், குதிப்பு, எடை தூக்குதல் எல்லாம் ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின்னர், குறைந்த அளவில் தொடங்கி. கிரஞ்ச் (மல்லாந்து படுத்து தலையையும் தோளையும் தூக்குவது), பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), கால்களைச் சேர்த்துத் தூக்குவது போன்றவற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தசைத் தையல் நீளமாகப் போட்டவர்களுக்கு அதற்கும் மேல் ஆகலாம். காயம் முழுதாக மூடும்வரை நீச்சல் குளமும் வேண்டாம். சர்ஜன் உங்களுக்கென்று சொன்ன கெடு இந்தக் கணக்கிலிருந்து மாறுபட்டால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

அந்தக் கெடு வந்த பிறகும் தொடங்க வேண்டிய இடம் மூச்சுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விலா விரியும்படி மூச்சை இழுத்து, விடும்போது அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத்தை (அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் தசைகளை) சற்று மேலே தூக்குங்கள். பார்க்க ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். ஆனால் வயிற்றைச் சுற்றி உள்ளே ஓடும் ஆழத் தசை மறுபடி வேலை செய்யப் பழகுவது இதில்தான். அடுத்து, மூச்சை விட்டபடி குதிகாலை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் தேய்த்து நீட்டி மடக்கலாம். பிறகு நாலுகாலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டலாம்.

ஒவ்வொரு பயிற்சியிலும் நடுவயிற்றில் கை வைத்துப் பாருங்கள். நடுக்கோடு நெடுக முகடுபோல் புடைத்தால் அந்தப் பயிற்சி இன்னும் உங்களுக்கு ஆகாது, ஒரு படி கீழே இறங்குங்கள். தம் பிடித்துக்கொண்டு எதையும் செய்யாதீர்கள். முடிந்தால் இந்தக் கட்டத்தில் சில தடவையாவது பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது. ஆன்லைன் வீடியோவைப் பார்த்துச் செய்யும்போது உங்கள் வயிறு புடைப்பதைக் கவனித்துச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

வெய்ஸ்ட் டிரெய்னரை கம்ப்ரஷன் உடை என்று எண்ணுவது

பலரும் குழம்புவது இங்கேதான். அறுவைக்குப் பின் கொடுக்கும் கம்ப்ரஷன் உடையோ, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பைண்டரோ வயிறு முழுவதும் ஒரே சீராக, மிதமாக அணைத்திருக்கும். வீக்கத்தைத் தாங்கிப் பிடிக்கவும், அசையும்போது ஆதரவு தரவும் அது. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் அணியச் சொல்வார்கள். வெய்ஸ்ட் டிரெய்னரின் நோக்கமே வேறு. விறைப்பான பட்டிகளும் கொக்கிகளும் வைத்து, இடுப்பின் நடுவை மட்டும் நசுக்கி ஒடுங்கலாகக் காட்ட வந்தது அது.

இதில் ஆபத்து எங்கே? தோலைப் பிரித்தபோது நடுவயிற்றுக்கு வந்துகொண்டிருந்த ரத்தக் குழாய்கள் பல துண்டிக்கப்பட்டன. இப்போது அந்தத் தோலுக்கு ரத்தம் முக்கியமாகப் பக்கவாட்டிலிருந்துதான் வர வேண்டும். அப்படி வரும் ரத்தம் கடைசியாகச் சேரும் இடம் அடிவயிற்றுத் தையலுக்கு நடுவில் சற்று மேலே இருக்கும் பகுதி. விறைத்த பட்டியால் இறுக்கினால் அந்த ரத்தமும் தடைபடும், தோல் கறுத்து அழுகவும் கூடும். புகைப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. நிகோட்டின் எந்த வடிவில் உள்ளே போனாலும், வேப் (மின் சிகரெட்), நிகோட்டின் சூயிங்கம் உட்பட, குழாய்களைச் சுருக்கும்.

நடுவில் நசுக்கியது எங்காவது போயாக வேண்டும். மேலே போனால் உதரவிதானம் அழுந்தி மூச்சு மேலோட்டமாகும், நெஞ்செரிச்சல் வரும். கீழே போனால் பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்த இடுப்புத்தளத்தின்மேல் சுமை ஏறும். அதைக் கட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்வது இரட்டைத் தவறு: சேர்த்துத் தைத்த தசை செய்ய வேண்டிய வேலையைப் பட்டி வாங்கிக்கொள்கிறது, ஆழ மூச்சுக்கும் இடமில்லை. வியர்வையில் குறைவது நீர்தான், கொழுப்பில்லை. கழற்றியதும் இடுப்பு தன் அளவுக்குத் திரும்பிவிடும். முழுதாக ஆறிய பின், சர்ஜன் அனுமதித்தால், ஒரு விசேஷத்துக்காக ஓரிரு மணி நேரம் அணிவதில் பெரிய குற்றமில்லை. தினமும் கட்டினால் இடுப்பு மெலியும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். இடையைத் தாங்க உங்களுக்குத் தேவையான பட்டி தசையாக உள்ளேயே இருக்கிறது, அதைத்தான் இவ்வளவு சிரமப்பட்டுத் தைத்திருக்கிறார்கள்.

கொடுத்த கம்ப்ரஷன் உடையிலும் கவனம் வேண்டும். இறுக்கமாக இருந்தால் சீக்கிரம் வற்றும் என்று ஓர் அளவு சிறியதாக வாங்காதீர்கள். உட்காரும்போது மடிப்பு விழுந்தால் உடனே சரிசெய்யுங்கள், மரத்த தோலில் அந்த மடிப்பு அழுத்துவது தெரியாது. மூச்சு முட்டினாலோ, கால் மரத்தாலோ, தோல் வெளிறினாலோ கறுத்தாலோ தளர்த்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

மாலை வீக்கத்தைப் பார்த்துப் பயப்படுவது

காலையில் தட்டை, மாலையில் உப்பல். இது பல மாதங்கள் வரை நீடிக்கலாம், பயிற்சி செய்த நாளில் கூடுதலாகவும் இருக்கும். இதைக் கொழுப்பென்று எண்ணிப் பயிற்சியைக் கூட்டுவதும், சாப்பாட்டைக் குறைப்பதும், பட்டியை இறுக்குவதும் காயம் ஆறுவதைத்தான் தாமதப்படுத்தும். ஆறுகிற உடலுக்குப் புரதம் வேண்டும். டேப்பால் அளப்பதென்றால் காலையில் மட்டும் அளவெடுங்கள்.

இரவு தூங்கி எழுந்ததும் வற்றிவிட்டால் பயிற்சி அளவோடு இருந்தது என்று பொருள். மறுநாளும் வற்றாவிட்டால் அளவைக் குறையுங்கள். ஒரே இடத்தில் உப்பி, தட்டினால் நீர் தளும்புவதுபோல் இருந்தால் தோலுக்கடியில் நீர் கோத்திருக்கலாம். செரோமா எனப்படும் இது டம்மி டக்கில் அடிக்கடி வரும் சிக்கல். சீக்கிரமே வேகமாக இயங்கத் தொடங்கினால் இன்னும் எளிதாக வரும். பெரும்பாலும் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார், பட்டி கட்டி அமுக்கப் பார்க்க வேண்டாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், தையல் விரிவது, பயிற்சியின்போது உள்ளே ஏதோ அறுந்ததுபோன்ற உணர்வு இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது "எப்போது ஜிம் போகலாம்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தசைத் தையல் போட்டீர்களா, எவ்வளவு நீளத்துக்கு, குடலிறக்கமும் சேர்த்துச் சரிசெய்தீர்களா, தசைச் சுவரைத் தாங்க உள்ளே வலை வைத்தீர்களா, எத்தனை கிலோ வரை எந்த வாரத்தில் தூக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டோ ஜிம் பயிற்சியாளரோ உங்களுக்கான பயிற்சியை வகுக்க அந்தத் தாள்தான் முதலில் வேண்டும்.