வேலூர் பக்கம் பசுமைத் தொழில் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை, தோல் வெட்டுத்துண்டில் பர்ஸ் என்று மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத தொழில் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கவர்மென்ட்ல சொல்லியிருக்காங்க" என்கிறாயே, எந்த கவர்மென்ட் என்பதுதான். டெல்லியா, சென்னையா, உன் ஊராட்சியா? மூன்றும் வேறு வேறு காகிதம் கேட்கும்.

பெரிய தவறு, மத்திய அரசின் விதியை மட்டும் படித்துவிட்டு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பது. 120 மைக்ரான் தடிமன் இருந்தால் பிளாஸ்டிக் கைப்பை விற்கலாம் என்கிறது மத்திய விதி. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தடை, துணி மாதிரியே தெரியும் நான்-வோவன் பைக்கும் தடை. மத்திய அரசு ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை போட்டது 2022 ஜூலையில்தான், அதற்கு மூன்றரை வருஷம் முன்பே மாநிலம் முந்திக்கொண்டது. கூட்டாட்சியில் எனக்குப் பிடித்ததே இதுதான்: டெல்லி போடும் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது, ஆனால் மாநிலம் அதற்கு மேலே போகலாம், அப்படிப் போகும்போது துணிப்பை தைப்பவருக்கும் பாக்குமட்டை அழுத்துபவருக்கும் ஒரு சந்தையே திறக்கிறது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்ததும் அந்த வழியில்தான்.

அடுத்தது மானியம். புதுத் தொழிலுக்குக் கடனோடு மானியமும் தரும் திட்டங்கள் இரண்டு: பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) மத்திய அரசுடையது, நீட்ஸ் (புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம்) மாநில அரசுடையது. ஒரே யூனிட்டுக்கு இரண்டிலும் மானியம் வாங்க முடியாது. முதலில் கடையைத் திறந்துவிடுவோம், மானியம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். பி.எம்.இ.ஜி.பி. முதல் கடன் புது யூனிட்டுக்குத்தான், ஏற்கெனவே ஓடும் தொழிலைக் காட்டினால் மனு அங்கேயே நின்றுவிடும். உத்யம் பதிவுக்கு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுக்கு, பணம் கேட்கிறார்களா? கொடுக்காதீர்கள், அது இலவசம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நாள் கணக்கில் அலையவிடும். 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. மானிய மனுவுக்கு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும், ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை.

போர்வெல் போட்டுத் தண்ணீர் எடுப்பதற்கும் பல மாநிலங்களில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அனுமதி தரும், இங்கே மாநிலத்தின் நீர்வளத் துறைதான். இணையத்தில் கிடைக்கும் பொதுவான வழிகாட்டியை நம்பி வேறு வாசலில் நிற்காதீர்கள்.

சரி, தோலுக்கு வருவோம். பாலாற்றங்கரையில் தொழில் செய்பவர் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவே கூடாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் சொன்னார்கள், தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டார்கள். மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986லிருந்தே இருந்தது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருந்தது, ஆனாலும் கிணறுகள் கெட்டுப்போயின. இரண்டு அரசும் இருக்கிறதே, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்புதான் நம் ஊரைக் கெடுத்தது.

பல தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசும் மாநில அரசும் பங்கு தருகின்றன. கட்டிய பிறகு அதைத் தினமும் ஓட்டுவது, கசடை அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் உறுப்பினராக இருக்கும் ஆலைகள் தலையில்தான். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூக்கத்திலேயே 10 பேர் உயிர் போனது. அதனால் தோல் சார்ந்து எது தொடங்கினாலும், பேங்குக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் கட்டுமானச் செலவோடு நிறுத்தாமல் மாதாமாதம் சுத்திகரிப்புக்கு ஆகும் தொகையையும் தனி வரியாக எழுதுங்கள். அந்த வரியைச் சேர்த்தும் லாபம் நின்றால் தொடங்குங்கள்.