தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் திரும்பி வர வேண்டுமா? ஆவணியிலேயே ஆரம்பியுங்கள்

தீபாவளி முடிந்த வாரம் திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பனியன் கம்பெனி கேட்டில் 'டெய்லர், செக்கிங், ஹெல்பர் தேவை' அட்டை தொங்கும். அப்போது மாட்டிப் பிரயோஜனமில்லை, பக்கத்துக் கேட்டிலும் அதே அட்டைதான். முப்பது மெஷின் வைத்து ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) ஓட்டுகிறவன் நான், புது ஆள் தேடி அலைவதை விட இருக்கிறவர்களைத் திரும்ப வரவைப்பதுதான் செலவு குறைவு என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் டிக்கெட். ரயில் முன்பதிவு முன்பு மாதிரி 120 நாள் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். தீபாவளி கழித்து வருகிற டிக்கெட்டுக்கு அது பெரும்பாலும் ஆவணியிலேயே திறந்துவிடும். ஊருக்குப் போகிற டிக்கெட்டை அவர்களே எப்படியாவது எடுத்துவிடுவார்கள், வருகிற டிக்கெட்டைத்தான் யாரும் எடுப்பதில்லை. அதை நீங்கள் போட்டுக் கொடுங்கள். தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்டில் மாட்டிக்கொண்டவர் அங்கேயே இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு, அப்புறம் மச்சான் வேலை செய்கிற வேறு ஊருக்கே போய்விடுவார்.

எந்தத் தேதிக்குப் போடுவது? இங்கேதான் நிறைய முதலாளிகள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு சத் பூஜை பெரிது, அது தீபாவளி கழித்து ஆறாம் நாள் வாக்கில் வரும். "நாலே நாளில் வந்துவிடு" என்றால் தலையை ஆட்டுவார், வரமாட்டார். ஒரு நோட்டில் பெயர், ஊர், இறங்குகிற ஸ்டேஷன், வருகிற தேதி, வீட்டு போன் நம்பர் என்று கோடு போட்டு, தேதியை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். தேனி, திருநெல்வேலி ஆட்களுக்கும் இதே நோட்டுதான்.

எல்லாரையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள், அதே சமயம் தலையை மட்டும் எண்ணவும் செய்யாதீர்கள். பத்துப் பேர் வந்தும் ஓவர்லாக்காரர் (துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே சேர்த்துத் தைக்கிற மெஷின்காரர்) ஒருத்தர் வரவில்லை என்றால் அடுத்த மெஷினில் பேட்லாக் (ஓரத்தை மடித்துத் தைக்கிற மெஷின்) டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சனிக்கிழமை அவருக்குச் சம்பளம் மட்டும் போகும். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் (சாதாரண நேர்த்தையல் மெஷின்) மூன்றிலும் தலா ஒருவராவது சீக்கிரம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

போனஸ் விஷயம். ஒரு வருடம் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி வந்தபிறகு என்று பிடித்து வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. எல்லாரும் வந்தார்கள்தான், மீதியை வாங்கிக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே ஆறு பேர் எதிர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், வருடத்தில் 30 நாள் வேலை செய்தவருக்கும் கணக்கு உண்டு. அதை ரயில் ஏறுவதற்கு முன்பே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஆதாரை வாங்கிப் பூட்டி வைப்பதெல்லாம் கூடவே கூடாது. வேண்டுமானால் திரும்பி வந்து ஒரு மாதம் தொடர்ந்து வந்தவருக்குத் தனியாக ஒரு தொகை என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அது உங்கள் இஷ்டம்.

வீட்டு நம்பர் எதற்கு என்று கேட்கலாம். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, பயந்தது இங்கே இருந்த பையன் மட்டுமல்ல, ஊரில் இருந்த அம்மாவும்தான். வீட்டில் பேசி வைத்திருந்தால் அந்த மாதிரி நேரத்தில் ஒரு போன் போதும். இந்தி தெரியாவிட்டால் கம்பெனியில் இருக்கிற மூத்த ஆளைப் பேசச் சொல்லுங்கள்.

சத் பூஜை முடிகிற வாரத்துக்கு ஷிப்மென்ட் தேதி ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிக்கிறவர்) எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வந்து இறங்கிய அன்றே ஒன்றரை ஷிப்ட் ஓட்டவும் வேண்டாம். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்தே வந்தவர், தூக்கக் கண்ணோடு ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் கத்தி பிசிறோடு சேர்த்து நல்ல துணியையும் வெட்டிவிடும்.