பினாங்கில் மைஃபிரீவியூ: சேனல்கள் கூட்டமாகக் காணாமல் போனால்

மைஃபிரீவியூ என்பது மலேசியாவில் ஏரியல் வழியே இலவசமாக வரும் டிஜிட்டல் டிவி சேவை. அதன் டிகோடரில் 102-ஐ அழுத்தினால் டிவி2 வரும். அந்த 102 வெறும் வரிசை எண்தான், அலைவரிசை அல்ல. 2019-இல் அனலாக் நின்றபின் இங்கே எல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே யூஎச்எஃப் அலைவரிசையில் பல சேனல்கள் ஒரு கட்டாக வருகின்றன. ஆகவே முதலில் எது போயிற்று என்று பாருங்கள். ஒரே ஒரு சேனல் மட்டும் போனால் கூரையேற வேண்டாம். மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். ஒரு கட்டு முழுதும் போனால்தான் ஏரியல், வயர் பக்கம் பார்வை போக வேண்டும்.

ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் வாசிகள் ஏரியலை, டிரான்ஸ்மிட்டர் இருக்கும் கெடா மாநில மலையான குனோங் ஜெராய் பக்கம் திருப்பலாம். அது வடக்கிலிருந்து சற்றே கிழக்கு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பாலிக் புலாவில் இந்தக் கணக்கு செல்லாது, நடுவில் மலை மறைக்கிறது. அங்கே பக்கத்து வீட்டு ஏரியல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று கவனித்து அப்படியே வையுங்கள்.

திருப்பும்போது மெனுவில் 'ஸ்ட்ரெங்த்' பட்டையை நம்பாதீர்கள், 'குவாலிட்டி'யைப் பாருங்கள். இரைச்சலும் ஸ்ட்ரெங்த்தை ஏற்றிக் காட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள். டிகோடர் சிக்னலைப் பிடிக்க நேரமெடுக்கும். ஒரு கட்டுக்கு நன்றாக வந்ததோடு இறங்கிவிடாமல், மற்றக் கட்டுகளையும் பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

ஏரியல் வயர் ஆர்ஜி6 என்ற கோஆக்சியல் வகை, 75 ஓம். அதில் 10 மீட்டருக்குச் சிக்னல் சுமார் 1.6 டெசிபெல் குறையும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஏறத்தாழ 3.5 டெசிபெல் தின்னும். பெரும்பாலான கோளாறு வயர் முனையில் திருகும் எஃப் கனெக்டரில்தான்: நடுக்கம்பியைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட் ஆகி சிக்னல் போய்விடும். கூரை முனையில் மழைநீர் புகுந்தாலும் வயருக்குள் செம்பு பச்சை பிடித்துவிடும். பிசின் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் மடிப்பில் நீர் தங்காது.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை டிவி அருகே வைப்பது வீண் செலவு. வயரில் ஏற்கெனவே நலிந்த சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே அது பெருக்கும். ஏரியல் அருகே வையுங்கள். அதற்கு வயர் வழியே மின்சாரம் போக வேண்டும், எனவே நடுவிலுள்ள ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தை விடும் வகையாக இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பூஸ்டரே வினையாகும்: சிக்னல் நிரம்பி வழிந்து படம் கட்டம் கட்டமாக உடையும். கழற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

இடி முழங்கும்போது கூரையில் இருக்கக்கூடாது. ஏரியல் வயரையும் முன்கூட்டியே கழற்றி வையுங்கள்.